கூரைக் கடன் முடிந்த மாதமே ஸ்டிக்கர் கடனா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் 19 அடி ஃபைபர் படகு இரண்டு வைத்திருக்கிறேன். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதும் விடியக்காலையில் டொல்பின் பார்க்கக் கூட்டிப் போவதும்தான் தொழில். தீவுக்குப் பெரும்பாலும் முறை வைத்து ஓடுகிறோம். ஒரு ஓட்டத்தில் செலவு போக 4,000 ரூபா மிஞ்சும். சீசன் ஆறு மாதமும் சேர்த்து 11 லட்சம் மட்டில் கையில் நிற்கும். வீட்டுச் செலவு மாதம் 75,000. மனைவியின் நகையை ஒன்றரை லட்சத்துக்கு அடகு வைத்தேன். படகுக்குக் கூரை போட்ட கடனின் தவணைக்காக இரண்டு மாரியில் மேற்கொண்டு காசு வாங்கி, இப்போது அது 3 லட்சம். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபா.

படகுகளின் நிறம் மங்கிவிட்டது. மனைவியின் அண்ணன் டவுனில் ஸ்டிக்கர் கடை போட்டிருக்கிறார். இரண்டு படகுக்கும் வைனில் ராப் (படகை மூடி ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர்) ஒட்ட 3 லட்சத்து 40 ஆயிரம், ஐந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்கிறார். ஃபைனான்ஸ் கொம்பனியில் மாதம் 18,500 படி 24 மாதம் கட்ட வேண்டும். கூரைக் கடன் போன மாதம்தான் முடிந்தது, ஆகவே புதுக் கடன் எடுக்க ஏலும். பெயின்டை விட ராப் நல்லதா? மச்சானிடம் மாட்டேன் என்று சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: தம்பி, ராப்பா பெயின்டா என்பதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தரம் படித்தேன். “கூரைக் கடன் போன மாதம்தான் முடிந்தது, ஆகவே புதுக் கடன் எடுக்க ஏலும்.” அந்த ‘ஆகவே’ எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. ஒரு கடன் முடிந்ததும் மாதாமாதம் கையில் தங்கக்கூடிய காசை, அடுத்த தவணைக்குக் கிடைத்த இடமாகப் பார்க்கிறீர்கள். இரண்டு மாரியில் நகைக்கடன் இரட்டிப்பானதும் இப்படித்தான்.

கடல் உங்களுக்கு ஆறு மாதம் உழைப்புத் தருகிறது. ஃபைனான்ஸ்காரர் பன்னிரண்டு மாதமும் தவணை கேட்கிறார். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) நாட்களில் நம் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் படகு மணலில்தான். மணலில் கிடக்கும் படகுக்குத் தவணை கட்ட உங்களிடம் என்ன இருந்தது? மனைவியின் நகை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 11 லட்சத்தில் வீட்டுச் செலவு 9 லட்சம் போனால் மிச்சம் 2 லட்சம். அடகு வட்டி மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. மீதி 1 லட்சத்து 46 ஆயிரம். ராப் கடனுக்கு வருடத்தில் 2 லட்சத்து 22 ஆயிரம் கட்ட வேண்டும். அதாவது 76,000 ரூபா துண்டு விழும், அதுவும் சீசன் ஒழுங்காக ஓடினால். அந்தத் துண்டு எந்த மாதத்தில் விழும், எதை வைத்து அடைப்பீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பவுன் விலை ஏறிக்கிடப்பதால் அதே நகைக்கு இன்னும் காசு தருவார்கள். அவர்கள் தர மறுத்தால்கூட உங்களுக்கு நல்லது என்பேன்.

இனி ராப் எடுக்காத கணக்கு. அந்த 1 லட்சத்து 46 ஆயிரத்தை சீசன் முடியும்போது அடகின் முதல் தொகைக்குக் கட்டினால் கடன் 1 லட்சத்து 54 ஆயிரமாக இறங்கும். அடுத்த வருட வட்டி ஏறக்குறைய 28,000. அந்த வருடம் கையில் நிற்பது 1 லட்சத்து 72 ஆயிரம். நகை வீட்டுக்கு வந்துவிடும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அடுத்த இரண்டு சீசனில் இந்த இரண்டில் எது நடக்கப்போகிறது என்பதைத்தான் நீங்கள் இப்போது முடிவு செய்கிறீர்கள்.

சரி, ராப்புக்கு வருவோம். அது வெறும் பகட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல வைனில் வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு அடியிலுள்ள ஜெல்கோட்டை, அதாவது ஃபைபரின் மேலுள்ள வழவழப்பான பூச்சை, காக்கும். பெயின்ட் அடிக்கப் படகை நாள்கணக்கில் நிறுத்த வேண்டும். ராப்பை அதைவிடச் சீக்கிரம் ஒட்டி முடிக்கலாம். அலுத்துப்போனால் உரித்துவிட்டு வேறு டிசைன் போடலாம். கப்பல்துறையில் கட்டியே கிடக்கும் பெரிய சொகுசுப் படகுக்காரருக்கு, முழுதும் பெயின்ட் அடிப்பதை விட இது மலிவாகவும் வரலாம்.

உங்கள் படகு அப்படிக் கிடக்கிற படகு இல்லை. ஒரு நாளில் எத்தனை தரம் கரைக்கு ஏற்றி இறக்குகிறீர்கள்? போன தை மாதம் உப்புவெளிக் கரையில் ராப் ஒட்டிய ஒரு படகைப் பார்த்தேன். மேல் பாதி புதுசு போல மினுங்கியது. படகின் முன்முனையான அணியத்துக்குக் கீழே, மணலில் உரசும் இடத்தில், ஓரம் எழும்பி நகம் போகிற அளவு வாய் திறந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே ஈர மணல். நங்கூரக் கயிறு உரசும் பக்கத்தில் நீளமாகக் கிழிந்து, வெள்ளை ஃபைபர் தெரிந்தது. ஒட்டி இரண்டு சீசன் ஆகிறது என்றார் படகுக்காரர். மீதியை உரிக்க வெப்பக் காற்று அடிக்க வேண்டும், பசையைச் சுரண்ட வேண்டும், அதற்கும் ஆள் கூலி கேட்கிறார்கள் என்று கவலைப்பட்டார்.

வைனிலில் இரண்டு வகை உண்டு. வார்த்து எடுத்த மெல்லிய ரகம் வளைவுகளில் படிந்து நிற்கும், விலை கூட. உருளையில் அழுத்தி நீட்டிய ரகம் மலிவு. வெயில் பட்டால் அது பழையபடி சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் பின்வாங்கும். மச்சானின் விலை எந்த ரகத்துக்கு என்று கேட்டீர்களா? தயாரிப்பாளர்கள் சொல்லும் வருடக் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். நம் போன்ற வெயில் நாடுகளுக்கும், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மேல்பாகங்களுக்கும் குறைவாகவே சொல்வார்கள். அப்புறம், இது தண்ணீர்க் கோட்டுக்கு மேலேதான். அடியில் பாசியும் சிப்பியும் பிடிப்பதை இது தடுக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியம் அடித்தளம். நாளைக்குக் காலையில் படகின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடச் சோக் மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டினால் ஜெல்கோட் வெயிலில் பூத்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூளின் மேல் எந்த வைனிலும் ஒழுங்காகப் பிடிக்காது. முதலில் தேய்த்து, வெடிப்புகளை அடைத்து, பளபளப்பாக்க வேண்டும். அவ்வளவும் செய்து மெழுகும் போட்டுவிட்டால் பல படகுகளின் நிறம் அதிலேயே திரும்பிவிடும். மாரியில் படகு கரையில் கிடக்கும்போது, பஃபிங் மெஷினை வாடகைக்கு எடுத்து நீங்களும் உதவியாளரும் செய்யக்கூடிய வேலை இது. பேஸ்ட், மெழுகு, மெஷின் வாடகை எல்லாம் சேர்த்தாலும் ராப் செலவின் பக்கத்தில்கூட வராது.

ராப் ஒட்டினால் ஆட்கள் கூட வருவார்கள் என்று மச்சான் சொல்லியிருப்பார். வருடத் தவணை 2 லட்சத்து 22 ஆயிரத்தை ஓட்டத்துக்கு 4,000 படி வகுத்தால், இப்போது ஓடுவதற்கு மேல் வருடத்தில் 56 ஓட்டம் வேண்டும். நீங்கள் முறை வைத்து ஓடுகிறவர். முறை வரிசைக்குப் படகின் நிறம் தெரியாது. டொல்பின் ஓட்டத்துக்கு போன் பண்ணுகிறவர்கள், முந்தி வந்தவர்கள் சொல்லித்தான் பண்ணுகிறார்கள். அவர்கள் நல்ல உயிர்காப்பு அங்கியையும் அவசரப்படாத ஓட்டியையும் பற்றித்தான் பேசுவார்கள்.

நான் அளவுக்கு மீறிப் பயப்படுவதாக உங்களுக்குத் தோன்றலாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு அந்த சீசன் போனது. 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசையில் கானும் கையுமாக நின்றோம். நான்கு வருடத்துக்குள் மூன்று அடி. கையில் ஆறு மாதச் சாப்பாட்டுக் காசு இருந்தவர் தாங்கினார். மாதத் தவணை இருந்தவர்களில் எத்தனை பேர் இன்ஜினைக் கழற்றி விற்றார்கள் என்பதை நீங்கள் கரையிலேயே பார்த்திருப்பீர்கள்.

இன்ஜின் போய்விட்டால் கடன் எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். அது ஓடினால்தான் உழைப்பு. அப்போதும் சீசன் மாதங்களில் கூடவும் மாரியில் குறைவாகவும் தவணை போட்டுத் தர முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். முதல் மூன்று மாதம் கட்டத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், அந்த மூன்று மாத வட்டி எங்கே போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

மச்சான் விஷயம். கூரைக்கு யார் யோசனை சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் அவர்தானோ என்று ஒரு சந்தேகம். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. புதுக்கடை போட்டவருக்கு முதல் வேலைகள் சொந்தத்தில்தான் கிடைக்கும், ஒருவேளை அவர் தலையிலும் மெஷின் தவணை இருக்கலாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள், கைக்காசில். இரண்டு படகிலும் பெயரையும் போன் நம்பரையும் தண்ணீர் படாத உயரத்தில் நல்ல வைனிலில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், பதிவு இலக்கம் மறையாமல். பார்க்கவும் அழகாக இருக்கும், மச்சானின் கடைக்கும் கரையில் ஒரு விளம்பரம்.

முழு ராப் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது? உங்கள் கடிதத்தில் மனைவி வருவது இரண்டே இடத்தில், நகைக்குச் சொந்தக்காரியாகவும் மச்சானின் தங்கச்சியாகவும். அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. இன்று இரவு மேலே உள்ள இரண்டு கணக்கையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “அண்ணா, முதலில் என் நகை வரட்டும்” என்று தங்கச்சி சொன்னால் எந்த அண்ணனும் முகம் சுளிக்க மாட்டான். நீங்கள் சொன்னால் மச்சான் சண்டை, மனைவி சொன்னால் வீட்டுப் பேச்சு.

அப்படியே அடகுச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். முடிவுத் திகதி மாரிக்குள் விழுகிறதா? விழுந்தால் ஆவணியில், கையில் காசு ஓடும்போதே போய் முதல் தொகையில் ஒரு பகுதியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள். திகதி தாண்டினால் ஏலத்துக்குப் போகும். மேற்கொண்டு காசு தரவா என்று கவுண்டரில் கேட்பார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.