ஷாக்குக்கு ஒரு லேபர், ஸ்பிரிங்குக்கு இன்னொரு லேபரா?

கேள்வி: வணக்கம் அண்ணே, என்கிட்ட 2016 ஸ்விஃப்ட் கார் இருக்கு, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஸ்பீடு பிரேக்கர்ல இறங்கும்போது முன்னாடி லெஃப்ட்ல டொக்குன்னு சத்தம், ஒர்க்‌ஷாப்ல காமிச்சா ஷாக் (ஷாக் அப்சார்பர்) ஆயில் லீக்ங்கிறாங்க. நாலு ஷாக், நாலு ஸ்பிரிங் எல்லாம் மாத்தணுமாம். லேபர், அதாவது வேலைக் கூலி மட்டும் முன் ஷாக் 2,400, முன் ஸ்பிரிங் 2,400, பின் ஷாக் 1,200, பின் ஸ்பிரிங் 1,200, மொத்தம் 7,200, ஜிஎஸ்டி தனி. வண்டிய மூணு நாள் விடச் சொல்றாங்க. நியாயமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இல்ல தம்பி. உங்க வண்டில முன்னாடி ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஸ்ட்ரட்டுங்கிற ஒரே செட்டா இருக்கு, ஷாக்க மாத்தணும்னா வீல கழட்டி, பிரேக் ஹோஸ் கிளிப்ப எடுத்து, ஸ்டெபிலைசர் பாரோட சேக்கிற லிங்க் ராடு நட்டு, வீல தாங்குற நக்கிள்ல ரெண்டு போல்ட்டு, பானெட்டுக்குள்ள மேல இருக்கிற மவுண்ட் நட்டு எல்லாம் கழட்டி ஸ்ட்ரட்ட வெளிய எடுத்து, கம்ப்ரஸர்ங்கிற அமுக்குற கருவிய போட்டு ஸ்பிரிங்க அமுக்கி பிரிச்சே ஆகணும். அப்ப ஸ்பிரிங் தானா கையில வந்துடும், திரும்ப பழச போட்டாலும் புதுச போட்டாலும் வேலை ஒண்ணுதான். பின்னாடி ரெண்டும் தனித்தனி, ஆனா ஷாக்கோட கீழ் போல்ட்ட கழட்டி ஆக்ஸில கொஞ்சம் இறக்கினா ஸ்பிரிங் கம்ப்ரஸரே இல்லாம வந்துடும். ஆக ஸ்பிரிங் பேர்ல போட்ட 3,600 வேண்டாத காசு, 18 சதவீதம் ஜிஎஸ்டி 648 சேத்தா 4,248 ரூபாய். இத நேரா கேளுங்க, தயங்காதீங்க.

நேரம் பாத்தா முன்னாடி ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினா ஒன்றரை, பின்னாடி அரை மணி முக்கால் மணி, அப்புறம் வீல் அலைன்மென்ட். காலைல விட்டா சாயந்திரம் எடுத்துடலாம், மூணு நாள் பார்ட்ஸ் வரலைன்னாதான்.

அதுக்கு முன்னாடி ஸ்பிரிங் மாத்தணுமான்னே பாருங்க. ஸ்பிரிங் சும்மா தேயாது, ஒண்ணு உடையும் இல்ல அமுங்கும். சமமான தரைல நிறுத்தி வீல் நடுவுலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு ரெண்டு பக்கமும் அளங்க, கிட்டத்தட்ட சமமா இருந்து, வண்டியும் தணிஞ்சு நிக்காம, சுருள்ல எங்கயும் உடையலைன்னா அப்படியே விட்டுடலாம். ஷாக் மட்டும் ஜோடியா மாத்துங்க, லெஃப்ட் புதுசு ரைட் பழசுன்னா பிரேக் போடும்போது வண்டி ஒரு மாதிரி இழுக்கும். டொக்குன்னு வர்ற சத்தம் லிங்க் ராடு, கீழ் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ்லேர்ந்தும் வரும், அதையும் ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க.

காசு செலவு பண்றதா இருந்தா ஸ்ட்ரட்டோடயே இருக்கிற சின்ன பார்ட்ஸான டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர்ல பண்ணுங்க, ஸ்ட்ரட்ட பிரிக்கும்போதே மாத்திடலாம்ங்கிறதால இதுக்கெல்லாம் தனி லேபர் கிடையாது, இப்ப விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு பேரிங் கரகரன்னா மறுபடி முழு லேபர் குடுக்கணும்.

பக்கத்துலயே நின்னு பாருங்க. போன தடவ என் வண்டில மேல் நட்டு சுத்தாம இருக்க ஷாக் ராட பிளையரால புடிச்சு முறுக்கினாங்க, பளபளன்னு இருந்த ராடுல பல்லு பதிஞ்ச மாதிரி கீறல், அது மேல கீழ போய் ஆயில் சீல அறுத்து நாலே மாசத்துல புது ஷாக் ஒழுகிடுச்சு. ராட தொடவே விடாதீங்க. கயிறு கட்டி ஸ்பிரிங்க அமுக்கினாங்கன்னா அங்க வேலையே குடுக்காதீங்க, தெறிச்சா ஆள் உயிருக்கே ஆபத்து.

பார்ட்ஸ் பில்லுல எம்ஆர்பிக்கு மேல ஜிஎஸ்டி போட்டா ஒத்துக்காதீங்க, எம்ஆர்பிலயே வரி அடக்கம். 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸுக்கு 28 இல்ல, 18 சதவீதம்தான். பழைய பார்ட்ஸ கேட்டு வாங்கிக்குங்க.

கேள்வி: முன் ஷாக் மாத்தும்போது போல்ட் துரு புடிச்சு வரலைன்னு லேபர் 800 கூட கேக்குறாங்க, குடுக்கலாமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: குடுங்கம்மா, அது நியாயம். உப்புக்காத்துல நக்கிள் போல்ட் ஒட்டிக்கிட்டா ஹீட் பண்ணி, தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போயிடும். ஆனா புது போல்ட் நட்டு போட்டாங்களான்னு கண்ணால பாத்துட்டு காசு குடுங்க.