நண்பர் விற்கும் ஏர் ரைஃபிள்: 1,60,000 ரூபாய் நியாயமான விலையா?

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஓராண்டாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கி) பயிற்சி பெறுகிறாள். இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுடுகிறாள். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்ததிலிருந்து ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் கல்லூரி நண்பர், தம் மகன் பொறியியல் படிக்கப் போய்விட்டதால், 2018-இல் 2,10,000 ரூபாய்க்கு வாங்கிய ஜெர்மன் ரைஃபிளை, மகன் சுடும்போது அணிந்த ஷூட்டிங் ஜாக்கெட்டையும் சேர்த்து 1,60,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அதே தரத்தில் புதியது 2,90,000 ரூபாய் ஆகிறது. புதிய காற்றுச் சிலிண்டருக்கு 28,000, காற்றுக் கசிவைத் தடுக்கும் சீல்களை மாற்றி சர்வீஸ் செய்ய 7,000 என்று விற்பனையாளர் சொன்னார். சீட்டு எடுத்த பணம் 1,20,000 கையில் இருக்கிறது. மீதிக்கு நகைக்கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். நண்பரிடம் பேரம் பேசவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் முன்னால் இரண்டு விலைகள் இருக்கின்றன, நீங்கள் தேடும் விலை இரண்டிலும் இல்லை. நண்பர் 2018-இல் கொடுத்த 2,10,000 ரூபாய் அவர் செய்த செலவு. அதில் ஒரு பகுதியை அவருடைய மகன் இத்தனை ஆண்டுகள் சுட்டுப் பயனடைந்தே தீர்த்துவிட்டார். இன்றைய 2,90,000 ரூபாய் உச்சவரம்பு மட்டுமே. ஆனாலும் நண்பர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: இறக்குமதிப் பொருளின் புது விலை ஏறும்போது பழையதின் விலையும் அதோடு ஏறத்தான் செய்யும் என்பதால், வாங்கிய விலையில் பாதிக்கு மேல் அவர் கேட்பதையே குற்றமாகக் கொள்ள முடியாது.

விலையைத் தீர்மானிக்கும் முதல் பொருள் சிலிண்டர். இவ்வகை ரைஃபிள்களில் குண்டு பாயும் குழாய் நல்ல பராமரிப்பில் பல ஆண்டுகள் உழைக்கும். அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டருக்கோ, தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் என்ற வரம்பு உண்டு. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்கு வராமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று பன்னாட்டு விதியே சொல்கிறது. கணக்கு வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் மாதத்தையும் ஆண்டையும் படித்துப் பாருங்கள். 2018-இல் வாங்கிய துப்பாக்கியில் 2017 என்று பொறித்திருந்தால், அதன் ஆயுள் 2027-உடன் முடிகிறது. ஆகவே அந்த 28,000 ரூபாயை, என்றோ வரப்போகும் செலவாக எண்ணாமல், விலையின் ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. ஒரு சனிக்கிழமை மாலை முத்தியால்பேட்டைக்குப் போய், சிலிண்டரை 200 பார் (அழுத்த அலகு) வரை நிரப்பச் சொல்லி, அழுத்தமானியின் முள் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டும் சுடாமல் அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதே முள்ளைப் படத்தோடு ஒப்பிடுங்கள். முள் தெளிவாக இறங்கியிருந்தால் சீல்கள் தேய்ந்துவிட்டன. 7,000 ரூபாய் சர்வீஸ் கட்டாயம் என்று பொருள். பிறகு பயிற்சியாளரை அழைத்துச் சென்று, துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்து, 10 மீட்டரில் ஐந்தைந்து குண்டுகளாகச் சுடச் சொல்லுங்கள். இப்போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பகுதி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. நல்ல குழாயாக இருந்தால் 4.5 மி.மீ. குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓரம் கிழிந்த ஒற்றைத் துளைபோலத் தெரியும். சிதறினால் உடனே குழாயைக் குறை சொல்லிவிட வேண்டாம், வேறொரு டின் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) போட்டுப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கிறதா என்று திருகுகளையும், குறி பார்க்க உதவும் பின் சைட்டையும் விரலால் தடவியும் பார்த்துவிடுங்கள்.

ஜாக்கெட்டுக்கு நான் மதிப்பே போடவில்லை. அது அந்தப் பையனின் தோளுக்கும் மார்புக்கும் தைத்தது. உங்கள் மகளுக்கு இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் அது பீரோவில் தொங்கத்தான் உதவும்.

இனி கணக்கு. மகள் நான்கு ஆண்டுகள் சுட்டுவிட்டு விற்பதாகவும், அப்போது இந்த ரைஃபிள் 90,000 ரூபாய்க்கும், இன்று வாங்கும் புதியது 1,70,000 ரூபாய்க்கும் போவதாகவும் வைத்துக்கொள்வோம். இவை என் அனுமானங்களே. நண்பர் கேட்கும் 1,60,000 ரூபாயோடு சிலிண்டரும் சர்வீஸும் சேர்ந்து 1,95,000 ஆகிறது. விற்றுவரும் தொகை போக ஆண்டுக்கு 26,250 ரூபாய் செலவு. புதியதற்கு ஆண்டுக்கு 30,000. உத்தரவாதம் இல்லாத பழைய பொருளுக்கும் பெட்டி பிரிக்காத புதியதற்கும் இடையே ஆண்டுக்கு 3,750 ரூபாய்தான் வித்தியாசம் என்றால், இதை நண்பருக்கான சலுகை விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ரைஃபிள் 1,20,000 ரூபாய்க்குக் கிடைத்தால் ஆண்டுச் செலவு 16,250 ஆகக் குறைகிறது. சோதனைகளில் தேறினால் 1,15,000 முதல் 1,25,000 வரை கொடுக்கலாம் என்பது என் கருத்து. உங்கள் சீட்டுப் பணமும் ஏறக்குறைய அதே தொகையாக இருப்பது தற்செயலே; கையிருப்பைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

மீதி 40,000 ரூபாய்க்கு நகையை அடகு வைப்பது வேண்டாம். துப்பாக்கி ஒருமுறைச் செலவு, பெல்லட் தொடர் செலவு. மகள் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 100 குண்டுகள் சுட்டால் ஐம்பது வாரத்தில் 20,000 குண்டுகள். 500 குண்டு கொண்ட டின் கணக்கில் 40 டின். டின் ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 40,000 ஆகிறது, அதாவது 1,20,000-க்கு வாங்கினால் ஆகும் ரைஃபிளின் ஆண்டுச் செலவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கடன் வாங்கித் துப்பாக்கியை வாங்கிவிட்டு, வட்டி கட்டுவதற்காகக் குண்டை எண்ணி எண்ணிச் சுடும் நிலைக்கு அந்தப் பெண்ணைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆவணங்களில் பெரிய சிக்கல் இல்லை. 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. (வெடிமருந்துத் தோட்டாவில் சுடும் .22 ரைஃபிளாக இருந்திருந்தால் கதையே வேறு: உங்களுக்கு உரிமம் வேண்டும், விற்பவரும் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும்.) ஆனாலும் மூல பில்லைக் கேட்டு வாங்குங்கள். விளையாட்டு வீரருக்கான சுங்கச் சலுகையில் இறக்குமதி செய்ததாக இருந்தால், கைமாற்றுவதற்கு நிபந்தனை உண்டா என்று அந்தக் காகிதங்களில் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும். வரிசை எண்ணைக் குறிப்பிட்டு இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், வங்கி வழியாகப் பணம், இவ்வளவு போதும்.

பேரம் பேசத் தயக்கம் என்கிறீர்கள். பேரமே பேச வேண்டாம், சிலிண்டரின் தேதியையும், முள்ளின் இரண்டு படங்களையும், விற்பனையாளர் சொன்ன 28,000, 7,000 ஆகிய தொகைகளையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டி, "இதையெல்லாம் நான்தான் செய்யணும்பா, 1,20,000-க்குக் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஜாக்கெட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். வேறொருவருக்கு விற்றால் அந்தப் பணமும் அவருக்குத்தான். 1,30,000-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அவர் நின்றால், மகள் இன்னும் ஆறு மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுடட்டும்.