இரைச்சலுக்குப் பழகிவிட்டால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாதா?

ஜெனரேட்டர் சத்தத்தில் இரண்டு வருடமாகத் தூங்கிப் பழகிவிட்டதாகவும், இனி அதனால் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் 'பழகிவிட்டது' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊரில் 28 ஆண்டுகள் விசைப்படகு டிரைவராக டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த என் அப்பாவும் அதைத்தான் சொல்வார். கடல் தொழிலை விட்ட பிறகு எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஓர் ஐஸ் கம்பெனி வந்தது. படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் பின்னிரவு மூன்று மணிக்கே ஐஸ் உடைக்கும் எந்திரம் ஓடத் தொடங்கிவிடும். சுவரும் கட்டிலும் அதிரும். அப்பா மட்டும் அசையாமல் தூங்குவார்.

மாத்திரையை இரண்டு முறை மாற்றியும் ரத்த அழுத்தம் இறங்காததால், மருத்துவர் 24 மணி நேரமும் அளக்கும் கருவியை மாட்டி அனுப்பினார். அன்றிரவு நான் பக்கத்தில் விழித்திருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை அவருடைய மேல்கையில் கட்டியிருந்த பட்டை உப்பி இறுகியது; எந்திரம் ஓடியபோதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தாளில் பகல் சராசரி 148, இரவுச் சராசரி 146 என்று இருந்தது. தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை தாழ வேண்டிய அளவு அது.

நாம் தூங்கினாலும் காது தூங்குவதில்லை. நாம் விழிக்காமலே அந்த ஒலி தன்னியக்க நரம்புகளை உசுப்பிவிட, அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் சுரந்து, நாடித்துடிப்பு கூடி, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழாய்களின் உட்சுவர் கெட்டு, மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பிய விமான நிலையங்களின் அருகே தூங்கியவர்களை அளந்து 2008-ல் வெளியான ஆய்வில், விமானச் சத்தத்துக்கு விழிக்காதவர்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது பதிவாகியிருக்கிறது.

கருவாட்டு உப்பும் பீடியும் வயதும் காரணமில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். அவற்றை நான் மறுக்கவில்லை. ஒருவருடைய அளவை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆனால் அதே மாத்திரையோடும் அதே சாப்பாட்டோடும் முதுகுளத்தூர்ப் பக்கம் அத்தை வீட்டில் மூன்று வாரம் தங்கிய பிறகு மறுபடி அளந்தபோது, அவருடைய இரவுச் சராசரி 131 ஆக இறங்கியிருந்தது.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்தோம். அளக்க வந்தவர்களோ பகல் 11 மணிக்கு, எந்திரம் நின்றிருந்த நேரத்தில் அளந்து, விதிமீறல் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பின்னிரவு மூன்று மணிக்கு வரச் சொல்லி மூன்று முறை எழுதியும் யாரும் வரவில்லை என்பது இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

இப்போது அப்பாவின் கட்டிலை வடகடல் பார்த்த முன்னறைக்கு மாற்றியிருக்கிறோம். நீங்களும் முதலில் கட்டிலை ஜெனரேட்டர் பக்கத்துச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். பகலில் எடுத்த ஒற்றை அளவை நம்பியிராமல், இரவு அளவையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.