கையால் செய்த காகிதக் கலையைத் தொழிலாக வளர்ப்பது எப்படி?

வீட்டில் பொழுதுபோக்காகக் காகிதம் செய்து கலைப்படைப்புகள் உருவாக்கும் ஒருவர், அதைத் தொழிலாக்க எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது கேள்வி.

கூழிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். பழைய தாள்களை ஊறவைத்து அரைத்த கூழ் கைப்பழக்கத்துக்குப் போதும். ஆனால் மறுசுழற்சியில் இழைகள் குறுகிவிடுவதாலும், செய்தித்தாள் போன்றவற்றில் எஞ்சியுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளிபட்டு மஞ்சளாக மாறுவதாலும், விற்பனைக்குரிய படைப்புகளுக்குப் பருத்தி இழை அல்லது காகித மல்பெரி மரப்பட்டையின் இழையே ஏற்றது. கூழில் சிறிது கால்சியம் கார்பனேட் சேர்த்தால், பின்னாளில் உருவாகும் அமிலத்தை அது சமன்செய்யும்.

தாள் வார்க்கும் வலைச் சட்டகத்தைக் கூழ் கலந்த நீர்த் தொட்டியிலிருந்து உயர்த்திய உடனே, நீர் வடிந்து முடியும் முன்பான அந்தச் சில நொடிகளில், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மெல்ல அசைக்கும்போதுதான் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கூழ் படிந்த பிறகு அசைத்தால் தாள் கிழிந்துவிடும். இந்தக் கைப்பக்குவம் நூற்றுக்கணக்கான தாள்களுக்குப் பிறகே வரும். அதுவரை இழை, அரைத்த நேரம், சாயம் ஆகியவற்றை ஒவ்வொரு மாதிரியின் ஓரத்திலும் குறித்து வையுங்கள்.

வாய்ப்புகளைத் தேடும்போது, ஒரே சிந்தனையில் அமைந்த பத்துப் பன்னிரண்டு படைப்புகளைப் பக்கவாட்டு ஒளியில் படமெடுங்கள். நேரெதிர் ஒளியில் காகிதத்தின் மேடுபள்ளம் மறைந்துவிடும். கலைஞர்கள் ஓரிடத்தில் சில காலம் தங்கிப் படைக்க வாய்ப்பளிக்கும் உறைவிடத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். 1986-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கைக்காகிதக் கலைஞர் சங்கமான ஐஏபிஎம்ஏவில் உறுப்பினராகலாம். எனினும், அச்சோவியர்களுக்கும் நூல் கட்டுநர்களுக்கும் அவர்கள் கேட்கும் தடிமனில் தாள் செய்து தருவதே முதல் வருமானத்துக்கு நம்பகமான வழி என்று கருதுகிறேன்.