உறுமும் நாய்க்கு எங்கே வலிக்கிறது?

(வீட்டு நாய்கள் பற்றி மும்பை வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்)

எங்கள் லாப்ரடார் ராஜாவுக்கு ஒன்பது வயது. குழந்தை மாதிரி இருந்தவன். ஒரு மாதமாக இடுப்புப் பக்கம் கை வைத்தாலே உறுமுகிறான். போன வாரம் பேரன் மேலே சாய்ந்தபோது பல்லைக் காட்டிவிட்டான். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறான் மகன். நாய்க்குக் குணம் மாறிவிட்டதா டாக்டர்? — வாசகி, செம்பூர்

தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. ஒன்பது வருடம் வாலாட்டிய நாய் திடீரென்று உறுமினால் நான் முதலில் தேடுவது வலியைத்தான். இடுப்பைத் தொட்டால்தான் உறுமுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் கெட்டுப்போவது ரொம்ப சகஜம். வயதும் எடையும் ஏற ஏற அது வெளியே தெரியும்.

இன்று சாயங்காலம் அவன் படுத்த இடத்திலிருந்து எப்படி எழுந்திருக்கிறான் என்று பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பை முன்னால் இழுத்து, பின்பாகத்தைக் கஷ்டப்பட்டுத் தூக்குகிறானா? பின்னங்கால் நகங்களையும் பாருங்கள். காலைச் சரியாகத் தூக்காமல் நடக்கும் நாய்க்கு நடு விரல்களின் நகம் தரையில் உரசித் தேய்ந்திருக்கும். இரண்டு தொடையையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் அந்தக் காலில் அவன் பாரம் போடுவதில்லை. அவன் உறுமினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். எழுவதையும் நடப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஆஸ்பத்திரியில் பயத்தில் விறைத்து நிற்கும் நாய் வலியைக் காட்டவே காட்டாது. அந்த வீடியோதான் எங்களுக்குக் கை கொடுக்கும்.

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு நாய்க்கென்றே உள்ள வலி மருந்தை டாக்டர் எழுதித் தருவார். அதுவரை வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போய்விடும். பாசத்தில் அரை மாத்திரை கொடுத்துவிட்டு, ரத்த வாந்தி எடுக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

வீட்டில் டைல்ஸ் தரையாகத்தான் இருக்கும். அவன் நடமாடும் வழி முழுக்க ரப்பர் பாய் போடுங்கள். எடையைக் குறையுங்கள். பாதி லாப்ரடார்களுக்கு அதுவே பெரிய மருந்து. இன்னொன்று, உறுமியதற்காக அவனைத் திட்டாதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமல் கடிப்பான். வலி தீரும் வரை பேரனையும் அவனையும் ஒரு நிமிஷம்கூடத் தனியே விட வேண்டாம்.

நாட்டு நாய் மணியை வளர்க்கிறேன். உண்ணியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துவிட்டது. பத்து நாளில் மறுபடி வந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். இரண்டு நாளாக மணி சாப்பிடவில்லை. — வாசகர், தாராவி

தம்பி, உண்ணி அப்புறம். சாப்பிடாததுதான் இப்போது முக்கியம். மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறே வெளிறிப்போயிருந்தாலோ, மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ இன்றைக்கே கிளம்புங்கள். அதெல்லாம் உண்ணிக் காய்ச்சல் முற்றியதற்கு அடையாளம். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் பேபீசியா என்ற கிருமி சிவப்பணுக்களை உடைக்கும். எர்லிக்கியா என்பது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும். ஈறு நன்றாக இருந்தாலும் நாளைத் தள்ளிப்போடாமல் ரத்தம் பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பரேலில், 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக நான்கு வாரம் கொடுப்போம். மூன்றாம் நாளே நாய் எழுந்து சாப்பிடும், உடனே மருந்தை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

உண்ணி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிடமிருந்து உதிர்ந்து, சுவரில் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு பொரிந்து மறுபடி மணியைத் தேடி வரும். நீங்கள் பிடுங்குவது கண்ணில் பட்டதை மட்டும்தான். உண்ணி ரத்தம் உறிஞ்சியதும் சாகிற மாதிரி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. ஒன்று கொடுத்தால் ஒரு மாதம் தாங்கும், சிலது மூன்று மாதம். எடை பார்த்து டாக்டர் தருவார். வலிப்பு வரும் நாயாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுவர் விரிசலை அடைத்துவிடுங்கள், படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும், நக்கினால் நுரையீரல் வரை பாதிக்கும்.

பொமரேனியன், பெண், ஏழு வயது. கருத்தடை செய்யவில்லை. பருவம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், சோர்ந்து படுத்திருக்கிறாள். வெயில்தான் காரணமா? — வாசகி, முலுண்ட்

இந்தக் கடிதத்துக்கு வந்த அன்றே போனில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பெண் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சுருண்டால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பின்பக்கம் சீழ் வடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே ஒன்றுமே தெரியாது, அதுதான் அதிக ஆபத்து. ஸ்கேன் எடுத்து அன்றைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு உலை. குட்டி வேண்டாம் என்றால் இளம் வயதிலேயே கருத்தடை செய்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் சைவம். நாய்க்குத் தயிர் சாதம் மட்டும் போதுமா? — வாசகர், மாட்டுங்கா

போதாது. வயிறு நிறையும், புரதம் சேராது. முட்டையாவது கொடுக்க முடியுமா பாருங்கள். அதுவும் முடியாதென்றால், முழுச் சத்துணவு என்று போட்டிருக்கும் சைவ நாய் உணவு கடைகளில் இருக்கிறது. சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். பாயசமும் கூடாது. அதில் இருக்கும் உலர்திராட்சை கொஞ்சமாகப் போனாலும் சில நாய்களுக்குக் கிட்னி நின்றுவிடும்.

நாங்கள் இருவரும் காலை லோக்கல் பிடித்தால் திரும்ப இரவாகிவிடும். எங்கள் பீகிள் நாள் முழுக்க ஊளையிடுகிறதாம். நாயை அனுப்பிவிடுங்கள் என்று சொசைட்டி செயலாளர் கடிதம் கொடுத்திருக்கிறார். — வாசகர், தாணே

சொசைட்டிக்கு அந்த உரிமை இல்லை. வளர்ப்பு நாயைக் குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்யக் கூடாது, குரைப்பதைக் காரணமாகக் காட்டவும் கூடாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் மனிதர்தான், உள்ளே அழுவதும் ஓர் உயிர்தான். அதனால் அழுகையை நிறுத்தும் வழியைப் பார்ப்போம்.

பழைய போன் ஒன்றை வீட்டில் ரெக்கார்டிங்கில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் கிளம்பி அரை மணிக்குள் ஊளை ஆரம்பித்து, கதவைப் பிராண்டி, தரையெல்லாம் எச்சில் வடித்திருந்தால் அது தனிமை பயம். லிஃப்ட் சத்தம் கேட்கும்போது மட்டும் குரைத்துவிட்டு அடங்கினால் சலிப்பு. சலிப்புக்கு, காலையில் முகர்ந்து முகர்ந்து போக விட்டு நீளமாக ஒரு நடை, மதியம் நாயை நடக்கக் கூட்டிப்போக ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்தால் போதும். பீகிள் மோப்ப வேட்டைக்கென்றே வளர்த்த இனம், மூக்குக்கு வேலை வேண்டும்.

பயமாக இருந்தால் நாளாகும். சாவியை எடுங்கள், போகாமல் உட்காருங்கள். கதவைச் சாத்திவிட்டு அரை நிமிஷத்தில், அது அழுவதற்கு முன்னால், உள்ளே வாருங்கள். இதையே நிமிஷம் நிமிஷமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பழகி முடியும் வரை பகலில் யாராவது கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்கியது வீணாகிவிடும். திரும்பி வந்ததும் அடிக்காதீர்கள். காலையில் அழுததற்கு இரவில் அடி என்று அதற்குப் புரியாது, நீங்கள் வந்தாலே அடி விழும் என்றுதான் புரியும். ஒரு மாதத்திலும் குறையாவிட்டால் டாக்டர் மருந்து தரலாம். அது வேலை செய்யவும் சில வாரம் ஆகும்.

செயலாளரிடம் அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டி, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லி, இரண்டு மாத அவகாசம் எழுத்தில் கேளுங்கள்.