சிறுநீரில் நுரை: சன்ஸ்கிரீன் காரணமா?

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஆறு மாதமாக முகத்துக்கு நிறம் கூட்டும் கிரீம் ஒன்றைப் பூசுகிறீர்கள். அதன் டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமே இல்லை. சில வாரங்களாகக் காலையில் கண்ணிமைகள் வீங்குகின்றன, சிறுநீர் நுரைத்துப் போகிறது. நாளைக் காலையே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலந்து உடம்பைக் கெடுத்துவிட்டதோ, மடியில் கிடக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் போய்விட்டதோ என்பதுதான் உங்கள் பயம். சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலக்கிறது என்று நீங்கள் படித்த செய்திக்கு ஆதாரம், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. 24 பேருக்கு உடம்பின் முக்கால் பங்கில், நாளுக்கு நான்கு முறை, நான்கு நாட்கள் சன்ஸ்கிரீன் பூசினார்கள். அதில் வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருள்களான ஆக்ஸிபென்சோன், அவோபென்சோன் முதலியவை ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டின. அதைத் தாண்டும் பொருளைக் கூடுதல் பாதுகாப்புச் சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. விஷமாகும் எல்லை அல்ல. சன்ஸ்கிரீனை நிறுத்துமாறு அந்த நிர்வாகம் சொல்லவில்லை. அந்த எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துத் தாய்மார்களைக் கலங்கடிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. மனம் ஒப்பவில்லையென்றால் துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனைப் பூசுங்கள். ரத்தத்தில் ஆக்ஸிபென்சோன் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை வேண்டாம். அந்த முடிவை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. கிரீம்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் பாராபென் பற்றிய கவலையையும் இப்போதைக்கு விடுங்கள்.

விவரம் அச்சிடாத நிறக் கிரீம்கள் சிலவற்றில் பாதரச உப்பு கலக்கிறார்கள். தோலில் நிறமி உருவாவதை அது தடுப்பதால் முகம் வெளுக்கிறது. தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் சேர்கிறது. அங்குள்ள வடிகட்டிகள் பழுதானால் புரதம் சிறுநீரில் ஒழுகும். நுரையும் இமை வீக்கமும் அதன் முதல் அடையாளங்களாக இருக்கலாம். வேறு காரணங்களாலும் இவை வரும். எதனால் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. ‘நகையில் படக் கூடாது’ என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அப்படி எச்சரிப்பதுண்டு.

கிரீமை இன்றே நிறுத்துங்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி உள்ள ஆய்வகத்தில் அதில் பாதரசம் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உங்களுக்குத் தேவை சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) ஆகிய பரிசோதனைகள். புரதம் போவது உறுதியானால் சிறுநீரில் பாதரச அளவும் பார்க்க வேண்டும். பாதரசம்தான் காரணம் என்றால், கிரீமை நிறுத்தியதும் சில மாதங்களில் சிறுநீரகம் தேறிவிடுவதைப் பலரிடம் பார்க்கிறோம். நிறுத்திய பிறகு முகம் முன்பைவிடக் கறுத்ததுபோலத் தெரியலாம். அதைப் பார்த்து மறுபடி பூசத் தொடங்கிவிடாதீர்கள்.

இணையத்தைப் பார்த்து வாங்கிய ‘நச்சு நீக்கும்’ பொடியை உடனே கைவிடுங்கள். பழுதாகியிருக்கக்கூடிய சிறுநீரகத்தின்மேல், என்ன கலந்தது என்றே தெரியாத இன்னொரு பொருளை ஏற்றுவது பெரிய ஆபத்து. வீக்கம் வடிய நீர் பிரிக்கும் மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புரதம் அதிகமாக ஒழுகும்போது ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது.

கிரீமில் பாதரசம் இருந்தால் உங்கள் கன்னத்திலிருந்தும் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் அது குழந்தையிடம் போகும். தாய்ப்பாலிலும் ஓரளவு கலக்கும். அதனால் உறைகளையும் துண்டுகளையும் துவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது குழந்தையையும் அழைத்துப்போய் அதன் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பால் கொடுப்பதைத் தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள். பயத்தில் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.