சூழ்ச்சிக் கதையை ஆட்டமாக்குவது எப்படி? கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனை உலகப் பாத்திர ஆட்டங்களில், வாளைவிடப் பேச்சும் இரகசியமும் கதையை நகர்த்தும் வகையைப் பற்றி மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். விதிகள் குறித்த இடங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

தொண்டி வாசகர்: அண்ணன், அரியணைப் போட்டிக் கதை ஒன்றை முதன்முறையாக நடத்தப் போகிறேன். வில்லன் யார், முடிவு என்ன என்பவற்றை முதலில் எழுதிக்கொள்ள வேண்டுமா?

பதில்: இரண்டையும் எழுதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், அதைக் கொடுக்கக்கூடியவர் யார், அவர் கேட்கும் விலை என்ன என்பவற்றை மட்டும் எழுதுங்கள். இதற்கு நம் சேது நாட்டு வரலாற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராமநாதபுரம் அரியணைக்குப் போட்டி எழுந்தபோது, பவானி சங்கரத் தேவர், பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தைத் தருவதாகத் தஞ்சை மராட்டிய அரசரிடம் வாக்களித்து, அவர் அனுப்பிய படையின் துணையோடு அரியணை ஏறினார். ஏறிய பின் வாக்கைக் காப்பாற்றவில்லை. அவருக்குப் பகையான கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அதே தஞ்சைக்குச் சென்று, அதே படையைக் கேட்டுப் பெற்று, 1730ஐ ஒட்டிய காலத்தில் அவரை வீழ்த்தினார்கள். பாம்பாற்றின் வடபகுதி தஞ்சைக்குப் போயிற்று. எஞ்சிய நாடு ஐந்து பங்காகி, மூன்று பங்கு கட்டையத் தேவரிடம் இராமநாதபுரமாகவும் இரண்டு பங்கு சசிவர்ணரிடம் சிவகங்கையாகவும் நின்றது.

இதில் வில்லன் யார் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். கதையைத் திருப்பும் வலிமையோ அரியணைக்குப் போட்டியிடாத ஒருவரிடம், அதாவது படையை இரவல் கொடுப்பவரிடம், இருக்கிறது. உங்கள் ஆட்டக்காரர்களைத் தஞ்சைக்கு ஓலை கொண்டு போகும் தூதர்களாக வைத்துப் பாருங்கள். ஓலையை வழியில் பிரித்தாலும், மாற்றினாலும், தாமதித்தாலும் நாட்டின் எல்லையே மாறிவிடும். பெயர்களையும் ஊர்களையும் மாற்றி, விரும்பினால் படைக்குப் பதிலாக ஒரு டிராகனை வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆட்டக்காரர்கள் எந்த வழியிலும் அறிய முடியாத இரகசியம் உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு மட்டுமே பயன்படும்.

கீழக்கரை வாசகர்: காக்கா, முத்துக்குளிக்கும் துறைமுகம் ஒன்றைக் கதைக்களமாக வைத்திருக்கிறேன். ஆட்டக்காரர்கள் எதற்கும் அவசரப்படாமல் கடைத்தெருவில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: அவசரம் களத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் அதைப் பயன்படுத்தவில்லை. முத்துக்குளிப்பு கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டிய தொழில். எடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடும் வழக்கமும் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பொருளுக்கு எல்லோரும் விலை கேட்கும் இடம் சூழ்ச்சிக்காரர்களுக்குத் தானாகவே அமைந்த மேடை. ஏல நாளை அறிவித்துவிடுங்கள். ஒவ்வொரு அமர்விலும் நாட்களைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை விவரிக்கும் மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு முத்துகளில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்; அந்தக் கட்டு பகலில் மட்டுமே நிற்கும், இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்காதபடி அதை அவர்களே அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதுகிறார். கடல்கட்டி, அதாவது இப்படிச் சுறாவைக் கட்டுபவர், ஒருவர் ஓர் இரவு கட்டை அவிழ்க்காமல் விட்டால் அதற்கு அவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? உங்கள் முதல் அமர்வு இந்தக் கேள்வியிலேயே தொடங்கலாம்.

இராமேசுவரம் வாசகி: ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் அமைச்சரையே கடைசியில் துரோகியாகக் காட்டலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். அடுத்த கதையில் வேலை கொடுக்கும் ஒருவரையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

மண்டபம் கல்லூரி மாணவர்: முத்திரை மோதிரத்தைக் கண்டுபிடிக்கும் பகடையில் நால்வருமே தோற்றுவிட்டார்கள். கதை அங்கேயே நின்றுவிட்டது.

பதில்: கதையை ஒரே உருட்டலில் தொங்கவிட்டால் இதுதான் நடக்கும். ஆட்டக்காரர்கள் அறிந்தே ஆக வேண்டிய ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது மூன்று தடயங்களை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்: மோதிரம் ஒன்று, அதை அடகு பிடித்தவர் மற்றொன்று, அந்த இரவில் படகு ஓட்டியவர் இன்னொன்று. பகடையில் தோற்றால் செய்தி மறையக் கூடாது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் உயர வேண்டும். மோதிரம் கிடைக்கட்டும், ஆனால் அவர்கள் தேடியதை ஒரு வேலையாள் பார்த்துவிடட்டும்.

பரமக்குடி வாசகர்: பொய் பேச முடியாத வட்டத்தை உண்டாக்கும் மந்திரம் இருக்கும்போது சூழ்ச்சிக் கதையே சாத்தியமா?

பதில்: சாத்தியம். அந்த மந்திரம் 15 அடி ஆரத்துக்குள் 10 நிமிடம் நிற்கும். உள்ளே இருப்பவர் அதைத் தடுத்தாரா இல்லையா என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரியும். சிக்கியவர் அறிந்து பொய் சொல்ல முடியாது. ஆனால் அவர் பேசாமல் இருக்கலாம், சுற்றி வளைத்தும் பேசலாம். தான் கொண்டுவந்த போலி ஓலையை மெய்யென்று நம்பும் எழுத்தர் அந்த வட்டத்துக்குள் நின்று உறுதியாகவே சாட்சி சொல்வார்.

உச்சிப்புளி வாசகர்: ஏற்க முடியவில்லை. என் ஆட்டக்காரர்கள் அரசவை முழுவதையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார்கள். அந்த மந்திரத்தைத் தடை செய்த பிறகுதான் நிம்மதி.

பதில்: வரிசையில் நிற்க அரசவை ஏன் ஒப்புக்கொண்டது? பிரபு ஒருவரை அந்த வட்டத்துக்குள் அழைப்பதே அவரைப் பொய்யர் என்று சபையில் சொல்வதாகும். அரசரின் அனுமதியின்றி அவ்வாறு செய்வது குற்றம் என்று உங்கள் உலகத்தில் சட்டம் இருக்கட்டும்.

உச்சிப்புளி வாசகர்: அதுவும் தடைதானே, பெயர்தான் வேறு.

பதில்: இல்லை. நீங்கள் போட்ட தடையை ஆட்டக்காரர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அரசர் போட்ட சட்டத்தை அவர்கள் மீறலாம், அதற்கு விலக்குப் பெற யாருக்காவது கடன்படலாம், எதிரியை அதே சட்டத்தில் சிக்கவைக்கலாம்.

பாம்பன் வாசகி: இறந்தவரிடம் பேசும் மந்திரத்தை என்ன செய்வது அண்ணா? கொலையுண்டவரே கொலையாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்.

பதில்: ஐந்து கேள்விகள் மட்டுமே கேட்கலாம், உயிரோடிருந்தபோது அறிந்ததை மட்டுமே பிணம் சொல்லும், கேட்பவர் அதற்குப் பகைவராக இருந்தால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை, வாய் சிதையாமல் இருக்க வேண்டும். இந்த விதியை அறிந்த கொலையாளி போட்டியாளரின் உருவத்தில் வந்து குத்துவான். பிணம் மனமறிந்து பொய் சொல்லாமலே தவறான பெயரைச் சொல்லும்.

உச்சிப்புளி வாசகர்: நீங்கள் சொல்வதெல்லாம் கெட்டிக்காரத்தனமான ஒட்டு வேலை. வாரக்கணக்கில் யோசித்து அமைத்த மர்மம் ஒரே மந்திரத்தில் உடைந்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

பதில்: அப்படியானால் நீங்கள் அமைத்தது துப்பறியும் கதை. அதில் ‘யார்’ என்று தெரிந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். சூழ்ச்சிக் கதையில் ஆட்டமே அங்கேதான் தொடங்குகிறது. பவானி சங்கரர் வாக்குத் தவறினார் என்பது தஞ்சைக்குத் தெரியாத இரகசியமா? அதை வைத்து யார் எதைப் பெறுவது என்பதே சண்டையாக இருந்தது. குற்றவாளி இன்னார் என்பதை முதல் அமர்விலேயே ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கோட்டைக் காவலும் களஞ்சியச் சாவியும் அவரிடம் இருக்கட்டும். கூலி அவர் கையால் வந்தால்தான் துறைமுகத்தில் அடுப்பு எரியும் என்ற நிலையும் இருக்கட்டும். பிறகு எந்த மந்திரத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி வாசகர்: ஒரு முறை அப்படி நடத்திப் பார்க்கிறேன். தடையை மட்டும் நீக்க மாட்டேன்.

பதில்: உங்கள் மேசை, உங்கள் விருப்பம்.

தேவிபட்டினம் வாசகர்: எத்தனை பிரபுக்கள் இருக்கலாம்?

பதில்: ஆட்டக்காரர்கள் குறிப்பைப் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடிய அளவுக்கு. ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

ஏர்வாடி வாசகர்: டிராகனுடன் போரிடும் உத்திகளைச் சொல்லுங்கள்.

பதில்: அது என் துறை அன்று. போர் விதிகளில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

திருப்புல்லாணி வாசகர்: ஆட்டக்காரர்களுக்கு உதவும் அமைச்சரே துரோகி என்றால் நன்றாக இருக்குமா?

பதில்: இராமேசுவரம் வாசகிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

இராமநாதபுரம் வாசகர்: இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால்?

பதில்: 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதமுள்ள எண்களை யாராவது எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.